கோட்டுக்கு வெளியே இருந்த புள்ளிகள்

எங்கள் அச்சகத்தில் அவரை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று எந்நேரமும் தொங்கிக்கொண்டிருக்கும். அது இரண்டு மூன்று தடவை டீ கிளாஸுக்குள் முங்கி எழுந்திருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாரே தவிர, கழற்றி வைக்க மாட்டார்.

நான் அங்கே பைண்டர். அவருடைய மேசைக்கும் என்னுடைய பசைப் பலகைக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பு மட்டும்தான். அதனால் நடந்ததில் பெரும்பகுதியை நானே பார்த்தேன். மீதியை அவர் வாயாலேயே கேட்டேன்.

பழைய அறிவியல் புத்தகங்களை மறுபதிப்புப் போடுவதுதான் எங்கள் முதலாளியின் தொழில். நட்சத்திர அட்டவணைகள், கிரகணக் கணக்குகள், முதன்முதலில் தொலைநோக்கி வழியே வானத்தைப் பார்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகள். புதிதாக எழுத்துக் கோப்பது கிடையாது. மூலப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அப்படியே அச்சிடுவோம். ஆனால் முந்நூறு வருடப் பழைய தாள் சும்மா இருக்குமா? பூச்சி அரித்திருக்கும், ஈரம் பாய்ந்திருக்கும், பழுப்புப் புள்ளி பூத்திருக்கும். அந்த அழுக்கையெல்லாம் கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் துடைப்பதுதான் லென்ஸ் அக்காவின் வேலை.

அதற்கு முன் பதினோரு வருடம் துணி ஆலையில் இருந்தவர். உருளையில் ஓடிக்கொண்டே இருக்கும் துணியை நின்றபடி பார்த்து, இழை விட்டுப்போன இடத்தில் கையை வைக்க வேண்டும். ஆலையை மூடியதும் இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். பிறகு அவருடைய நாத்தனார்தான் எங்கள் அச்சகத்தில் ஆள் தேடுவதைக் கேள்விப்பட்டுக் கூட்டிவந்தாள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "எங்க அண்ணி கண்ணுல இருந்து எதுவும் தப்பாது சார், எங்க அண்ணனே தப்பினதில்ல" என்று முதலாளியிடம் சொன்னது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

உண்மைதான். நான்கு வருடத்தில் அவர் துடைத்த பக்கங்களில் ஒரு குறைகூட வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கும் கொஞ்சம் உண்டு. யாராவது பாராட்டினால் காதில் விழாததுபோலக் கண்ணாடியை முந்தானையில் துடைப்பார்.

அந்த வருடம் ஒரு பெரிய புத்தகம் வந்தது. எப்போதோ ஒரு கடிகாரம் செய்கிறவர் வியாழன் கிரகத்தை ஒன்றரை வருடம், அது கண்ணுக்குத் தெரிந்த இரவெல்லாம் பார்த்து வரைந்து வைத்த குறிப்பேட்டின் அந்தக் காலத்து அச்சுப் பதிப்பு. பார்த்த ஒவ்வொரு இரவுக்கும் ஒரு சின்னப் படம். நடுவில் கிரகத்துக்கு ஒரு வட்டம், இரண்டு பக்கமும் அதன் நிலவுகளுக்குப் புள்ளிகள். பக்கத்தில் இரண்டு வரி: கிழக்கே இத்தனை, மேற்கே இத்தனை, மேகம் உண்டு, இல்லை. ஊரிலிருந்த பெரிய நூலகத்தில் மட்டும்தான் அதற்குப் பிரதி இருந்தது. மூன்று வாரத்துக்குக் கடனாகத் தந்தார்கள்.

வானியல் சங்கம் ஒன்று தன் ஆண்டுக் கூட்டத்துக்காக அந்தப் பதிப்பைக் கேட்டிருந்தது. நாள் நெருக்கடி. பழுப்புப் புள்ளிக்கும் நிலவுப் புள்ளிக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று லென்ஸ் அக்கா முதல் நாளே முதலாளியிடம் கேட்டார். அவர் போகிற போக்கில் சொன்னார்: "நிலாவெல்லாம் ஒரே கோட்டுலதான் நிக்கும். கோட்டுக்கு வெளிய இருந்தா அழுக்குன்னு அடிச்சுட்டுப் போங்க."

அப்படியே செய்தார். இருநூற்றுச் சொச்சம் படங்கள். வட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டுப் பார்ப்பார். அதன் மேல் நின்ற புள்ளி தங்கும், விலகிய புள்ளி போகும். துடைத்த பக்கத்தைப் பழைய ஸ்கேனின் மேலேயே சேமித்துவிட்டார். இடம் அடைத்துக்கொள்கிறது என்று எப்போதும் அப்படித்தான் வழக்கம். மூலப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போயிற்று.

புத்தகம் அனுப்ப வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பு, காலை பதினோரு மணி இருக்கும். பதினாறு பக்கங்கள் சேர்ந்த பெரிய தாளை நாங்கள் ஃபாரம் என்போம். எட்டாவது ஃபாரம் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின்காரர் மை சரியாக விழுகிறதா என்று காட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து லென்ஸ் அக்கா மேசையில் விரித்தார். அவர் கண்ணாடியை வைத்து மையைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது.

அந்தப் பழைய மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பக்கம் துடைத்ததில் சில சொற்கள் முகம் பழகிவிட்டன. கிழக்கு, மேற்கு, மேகம், ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மேற்கே மூன்று என்று இருந்தது. படத்தில் மேற்கே இரண்டு புள்ளிதான்.

அடுத்த படம் சரியாக இருந்தது. அதற்கடுத்ததும் சரி. ஐந்தாவதில் கிழக்கே இரண்டு என்று இருந்தது, ஒன்றுதான் நின்றது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தத்தில் நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. நேராக மிஷினிடம் போனார்.

"நிறுத்துங்க."

"என்னக்கா, மை ஜாஸ்தியா?"

"மை இல்ல. மொதல்ல நிறுத்துங்க."

மிஷின்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஓடுகிற மிஷினை முதலாளி சொல்லாமல் யாரும் நிறுத்தியதில்லை. லென்ஸ் அக்கா அங்கேயே நின்றார். மிஷின்காரர் பொத்தானை அழுத்தினார்.

அந்த அமைதியைக் கேட்டதுமே முதலாளி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். தாளைக் காட்டி, விஷயத்தைச் சொன்னார் லென்ஸ் அக்கா. "சில எடத்துல நிலாவைத்தான் அழுக்குன்னு நெனச்சு நான் அழிச்சிருக்கேன்."

"எத்தனை?"

"எண்ணணும்."

"பழைய ஸ்கேன்?"

"இல்ல. அது மேலயே சேமிச்சுட்டேன்."

முதலாளி கத்துகிறவராக இருந்தால்கூடத் தேவலை. அவர் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். "நாலு வருஷமா உங்க கண்ணை நம்பி நான் ஒரு தாளைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல" என்றார்.

"கோட்டுக்கு வெளிய இருந்தா அழுக்குன்னு நீங்கதான்..."

"நான் எப்போ சொன்னேன்?"

நான் கேட்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

லென்ஸ் அக்கா அதற்குமேல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. மேசைக்குத் திரும்பி, படங்கள் வரும் ஆறு முதல் ஒன்பது வரையிலான நான்கு ஃபாரங்களின் தாள்களையும், ஒன்பதாவதுக்குச் சோதனை அச்சை வைத்து, பரப்பிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நடுவில் நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"நிலாவெல்லாம் ஒரே கோட்டுலதானே நிக்கும்?"

"கிட்டத்தட்ட நிக்கும் அண்ணி. ஆனா வெளிய சுத்துறது கொஞ்சம் மேலயோ கீழயோ விலகித் தெரியலாம். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் பேசுறேன்."

ஒரு மணி நேரத்தில் கணக்கு வந்தது. எழுத்தும் படமும் ஒத்துப்போகாதவை முப்பத்தொன்று. அவற்றில் பன்னிரண்டு, ஏற்கெனவே அச்சாகி என் பலகை மேல் மடித்து வைத்திருந்த ஆறு, ஏழு ஃபாரங்களில் இருந்தன.

முதலாளி அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். "எழுத்துல மூணுன்னு இருந்தா மூணாவது புள்ளியை வைங்க. முடிஞ்சது. மதியம் ரெண்டு மணிக்குள்ள புது அச்சு பிளேட் போட்டுடலாம்."

"எங்க வைக்கிறது சார்?"

"எங்கயாவது மேற்கே வைங்க."

"எவ்வளவு தள்ளி? அந்த மனுஷன் ஒன்றரை வருஷம் உக்காந்து பார்த்ததே எவ்வளவு தள்ளி இருக்குன்னுதானே? நான் பாட்டுக்கு வச்சா அது என் புள்ளி ஆயிடும்."

"இதை யாரு ஸ்கேல் வச்சு அளக்கப்போறா?"

"வாங்குறவங்க அளக்கத்தான் வாங்குறாங்க."

முதலாளி மேசையைப் பார்த்தபடி நின்றார். அதன் மேல், கடைசியாக அச்சிட வைத்திருந்த, அவரே எழுதிய பதிப்புரை கிடந்தது. மூலத்தில் உள்ளது உள்ளபடியே, ஒரு புள்ளிகூட மாறாமல் என்று அதில் ஒரு வரி. "நூலகத்துல மறுபடி குடுக்க மாட்டாங்க. போன தடவையே அந்த அம்மா என்னை வாசல் வரைக்கும் விரட்டாத குறை" என்றார்.

அது நிஜம். ஸ்கேன் செய்தபோது பக்கம் தட்டையாக விழவில்லை என்று முதலாளி தன் கையால் அழுத்தியதில் புத்தகத்தின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. நூலகக் காப்பாளர் அம்மா அதைத் திருப்பிக் கொடுத்த அன்றே கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார்.

"நான் போய்க் கேக்குறேன். இல்லன்னா இல்லன்னு வந்துடுறேன்."

"சாயந்திரத்துக்குள்ள வாங்க. வரலைன்னா நான் சொன்னபடி புள்ளி வச்சு ஓட்டிடுவேன்."

முப்பத்தொரு இடத்தையும் தாள்களில் குறித்துக்கொண்டு கிளம்பவே இரண்டரை மணி ஆகிவிட்டது. என் வண்டியில்தான் போனோம். தாள்களைச் சுருட்டி என் முதுகுக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பாலம் ஒன்றில் வண்டிகள் அடைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற லாரியின் புகை முகத்தில் அடித்தது. அப்போது சொன்னார்: "பைண்டரே, இன்னிக்கு நான் அந்தத் தாளைப் பார்க்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. புத்தகம் போயிருக்கும்."

"அதான் பயமா இருக்கு."

அபூர்வ நூல்கள் இருந்த அறை இரண்டாம் மாடியில். கண்ணாடிக் கதவு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை; பேச்சு கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடிக்க ஐந்து நிமிடம். ஐந்துக்கு மூடிவிடுவார்கள்.

காப்பாளர் அம்மா ஒல்லியான, நரைத்த, அவசரப்படாத பெண்மணி. எங்கள் அச்சகத்தின் பெயரைக் கேட்டதும் முகம் இறுகிவிட்டது.

"உங்க ஆளுங்க கையில குடுத்தப்போ அந்தப் புத்தகத்துக்கு முதுகு ஒழுங்கா இருந்துச்சு."

"ஆமாம்மா. பக்கத்துலதான் நின்னேன். தடுத்திருக்கணும், தடுக்கல."

"இப்போ என்ன வேணும்?"

லென்ஸ் அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நிலாவைக் கறைன்னு நெனச்சு நான் அழிச்சுட்டேன். முப்பத்தொரு படத்துல சந்தேகம். மூலத்தைப் பார்க்காம சரிபண்ண முடியாது."

"நீங்களே அழிச்சீங்களா?"

"நானேதான்."

"அச்சாயிடுச்சா?"

"கொஞ்சம் ஆயிடுச்சு."

தவறு செய்தவர்கள் அந்த அறைக்கு நிறையப் பேர் வந்திருப்பார்கள். வந்து சொன்னவர்கள் எத்தனை பேரோ. காப்பாளர் அம்மா எழுந்தார். "போட்டோ எடுக்கக் கூடாது. அதுக்கு எழுதிக் குடுத்துப் பத்து நாள் ஆகும். பென்சில் மட்டும். புத்தகத்தைத் தொடக் கூடாது, பக்கத்தை நான்தான் திருப்புவேன். அஞ்சு மணிக்கு மூடிடுவேன்."

புத்தகம் வந்து, சாய்மேசையில் அமர்ந்தபோது நான்கு பத்து. ஐம்பது நிமிடம், முப்பத்தொரு படம்.

அளவெடுக்க உலோகம் எதுவும் கொண்டுபோக முடியாது. லென்ஸ் அக்கா தாளின் ஓரத்திலிருந்து ஒரு நீளத் துண்டைக் கிழித்துக்கொண்டார். புத்தகத்தில் படாமல் அதைப் படத்துக்கு மேலே பிடித்து, வட்டத்தின் விளிம்புக்கு ஒரு கோடு, புள்ளிக்கு ஒரு கோடு என்று பென்சிலால் குறித்து, அதே துண்டை எங்கள் தாளில் வைத்துக் குறியை மாற்றினார். எங்கள் அச்சு மூலத்தின் அதே அளவு என்பதால் அது நடந்தது. ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம்.

முதல் படத்தில் புள்ளி இருந்தது. கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே, மங்கலாக, ஆனால் வட்டமாக, அச்சு மையில். பழுப்பு இல்லை. இரண்டாவதிலும் இருந்தது, மூன்றாவதிலும் இருந்தது. காப்பாளர் அம்மா பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே நான் பார்த்தவரை இரண்டு பேருடைய தலையும் ஒரே புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தது, யார் விரட்டுகிறவர், யார் விரட்டப்படுகிறவர் என்று சொல்ல முடியவில்லை.

ஒன்பதாவது படத்தில் அவர் நின்றுவிட்டார். எழுத்தில் மேற்கே மூன்று. மூலப் புத்தகத்திலும் மேற்கே இரண்டு புள்ளிதான்.

கண்ணாடியை வைத்து மூன்று முறை பார்த்தார். ஒன்றுமில்லை. "இங்க நான் எதையும் அழிக்கல" என்றார் மெதுவாக.

காப்பாளர் அம்மா குனிந்து பார்த்தார். "அன்னிக்கு அச்சடிச்சவங்க விட்டிருப்பாங்க. இல்ல, அவரே தப்பா எண்ணியிருப்பார்."

"அப்போ இதை இப்படியே விட்டுடணும்."

"விட்டுடணும்."

நின்றதில் இரண்டு நிமிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் கை வேகமெடுத்தது. வியர்வை தாளில் விழுந்துவிடும் என்று தோளில் நெற்றியைத் துடைத்துக்கொண்டே குறித்தார். நான்கு ஐம்பதுக்கு இருபத்திரண்டு. காவலாளி தாழ்வாரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். இருபத்தேழு. இருபத்தெட்டு. மாடிப்படியில் மணி அடித்தது. இருபத்தொன்பதாவது படத்தின் குறியை அவர் தாளுக்கு மாற்றி முடித்தபோது காப்பாளர் அம்மா புத்தகத்தை மூடினார்.

"இன்னும் ரெண்டும்மா. மூணே நிமிஷம்."

"அஞ்சுன்னா அஞ்சு."

லென்ஸ் அக்கா கெஞ்சவில்லை. "சரிம்மா" என்று பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் நூலகம் பராமரிப்புக்காகப் பூட்டியிருக்கும் என்ற பலகையைக் கீழே இறங்கும்போதுதான் பார்த்தோம்.

அச்சகத்துக்கு வந்தபோது முதலாளி மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லென்ஸ் அக்கா தாள்களை மேசையில் பரப்பினார்.

"இருபத்தொன்பது பார்த்தேன். இருபத்தஞ்சு நான் அழிச்சது. நாலு, மூலத்துலயே அப்படித்தான். எழுத்துல ஒண்ணு, படத்துல ஒண்ணு."

முதலாளி நிமிர்ந்தார்.

"காலைல நீங்க சொன்னபடி செஞ்சிருந்தா, அந்த மனுஷன் வரையாத நாலு நிலாவை நாம வானத்துல தொங்க விட்டிருப்போம் சார்."

மிஷின்காரர் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி அந்த நான்கு படங்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார். பிறகு ஆறு, ஏழு ஃபாரங்களை மறுபடி அடிக்கலாம் என்றார், யாரிடம் என்று இல்லாமல், சுவரைப் பார்த்து.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். அந்த ரெண்டு படத்தை நான் பார்க்கல. மூலத்தோட ஒப்பிடலைன்னு பதிப்புரையில போடணும். பக்க எண்ணோட."

"நம்ம புத்தகத்துல நாமளே குறை சொல்லிக்கணுமா?"

"குறை சொல்லல. பார்க்கலைன்னு சொல்றோம்."

"அவங்க திருப்பி அனுப்பிட்டா?"

அதற்கு லென்ஸ் அக்கா தெரியாது என்றார். முதலாளி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் லென்ஸ் அக்கா கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், பேச்சு குறைவு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை போனா போகுது, கண்ணு இருக்குல்ல" என்றாராம். நாத்தனார் மட்டும் விடவில்லை. "காலைலயே என்கிட்ட முழுசா சொல்லியிருந்தா நானும் லீவு போட்டு வந்திருப்பேனே அண்ணி, ஆளுக்குப் பாதி பார்த்திருக்கலாம்." ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள் என்றதும், "உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில்" என்று முறைத்துக்கொண்டு போனாளாம். அன்று லென்ஸ் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது பதிப்புரையின் புது அச்சு என் பலகை மேல் இருந்தது. ஒரு புள்ளிகூட மாறாமல் என்ற வரி போயிருந்தது. கீழே, நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்திலும் நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்திலும் உள்ள தலா ஒரு படம் மூலத்துடன் ஒப்பிடப்படவில்லை என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தார் முதலாளி. லென்ஸ் அக்கா கண்ணாடியை வைத்து அந்த வரியில் மை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

நான்கு ஃபாரத்துக்கும் புது பிளேட். மூன்று பேரும் உட்காராமல் வேலை பார்த்தும் புத்தகம் இரண்டு நாள் பிந்தியது. சங்கத்தின் கூட்டம் புத்தகம் இல்லாமலே தொடங்கிவிட்டது. முதலாளியே எடுத்துக்கொண்டு போனார். என்ன சொன்னார்களோ, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார். ஆனால் புத்தகங்கள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் லென்ஸ் அக்காவிடம் நேராகப் பேசவே இல்லை. இரண்டு பேரும் நாலடி தூரத்தில் நிற்பார்கள். நடுவில் நான். "அவங்ககிட்ட அந்த அட்டவணை முடிஞ்சுதான்னு கேளு" என்பார். "முடிஞ்சுதுன்னு சொல்லுங்க பைண்டரே" என்பார் இவர். எனக்குத்தான் கழுத்து வலித்தது. ஒருநாள் நான் விடுப்பு எடுத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பற்றி யார் சொன்னது என்ற பேச்சை மட்டும் இருவருமே பிறகு எடுக்கவில்லை. பழைய ஸ்கேன் எதையும் இனி அழிக்கக் கூடாது என்று முதலாளி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தன் கையெழுத்தையும் போட்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் நூலகத்திலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. இரண்டு நீளமான காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பென்சில் கோடுகள், மேலே, ஒப்பிடாமல் விட்ட அந்த இரண்டு பக்கங்களின் எண். ஒன்றில் நான்கு கோடு, மற்றதில் மூன்று. லென்ஸ் அக்கா அவற்றைப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று அவர் அழித்தது. மற்றது மூலத்திலேயே அப்படி. இரண்டையும் அடுத்த பதிப்புக்கென்று ஒரு கோப்பில் போட்டு வைத்தார்.

இப்போது அவர் மேசையில் இருப்பது கடல் ஏற்ற இறக்கம் பற்றிய ஒரு பழைய அட்டவணைப் புத்தகம். அதில் நாற்பதாம் பக்கத்தில் ஒரு எண் ஏழா ஒன்றா என்று தெரியவில்லையாம். வியாழக்கிழமை நூலகத்துக்குப் போக அனுமதிக் கடிதம் வேண்டும் என்று நேற்று முதலாளியிடம் கேட்டார். அவர் போனில் பேசிக்கொண்டே, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டு லென்ஸ் அக்கா பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டார்.